எக்சோஸ் மாற்றினால் கார்பரேட்டரும் மாற வேண்டுமா? – ஒரு பட்டறைப் பாடம்

முன்னுரை

மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்வில் மோட்டார் சைக்கிளுக்குத் தனி இடம் உண்டு. ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், இரயில் பாதையை ஒட்டி அமைந்துள்ள ரெங்கம் போன்ற சிற்றூர்களில் இதை நன்றாகவே காணலாம். சுற்றிலும் தோட்டங்கள், இடையில் சிறு பட்டணம். விடியற்காலையில் அப்பா வேலைக்குப் போவதும், அம்மா சந்தைக்குப் போவதும், மாலையில் தம்பி டியூஷனுக்குப் போவதும் பெரும்பாலும் ஒரே 'கப்சாய்' வண்டியில்தான். 1958ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமான ஹோண்டா சூப்பர் கப் வண்டியின் பெயரே நம் நாட்டுப் பேச்சில் 'கப்சாய்' ஆனது. இ.எக்ஸ். 5, மோடனாஸ் கிரிஸ் போன்ற வண்டிகள் எல்லாம் இந்தப் பெயருக்குள் அடக்கம்.

இந்த வண்டி ஓர் இளைஞனின் கைக்கு வந்ததும் முதலில் கழற்றப்படும் உறுப்பு எது? எக்சோஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வேறு எக்சோஸ் பொருத்தியதும் சத்தம் மாறுகிறது. சில வாரங்களில் புகார்களும் தொடங்குகின்றன. 'மேட்டில் இழுக்க மாட்டேங்குது', 'முறுக்கை விட்டதும் டப் டப்னு வெடிக்குது', 'என்ஜின் ரொம்ப சூடாகுது' என்பார்கள். மோட்டார் கடைக்குப் போனால், 'ஜெட் மாத்தணும் தம்பி' என்ற பதில் கிடைக்கும். ஏன் மாற்ற வேண்டும், எவ்வளவு மாற்ற வேண்டும், மாற்றத்தான் வேண்டுமா என்பதை விளக்குவோர் குறைவு. அதை நாமே புரிந்துகொண்டு வீட்டில் செய்துபார்க்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்பரேட்டரின் வேலை

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றோடு கலந்து ஆவியான பிறகுதான் எரியும். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இதைக் கன அளவில் நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1 லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை என்ஜின் இழுக்கிறது. இந்த இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்து கொடுப்பதே கார்பரேட்டரின் வேலை.

இதற்குள் இருக்கும் அறிவியல் நாம் ஐந்தாம் படிவ இயற்பியலில் படித்த பெர்னோலி கோட்பாடுதான். குறுகலான வழியில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கார்பரேட்டரின் நடுப்பகுதி அப்படித்தான் ஒடுங்கியிருக்கும். கீழே உள்ள மிதவைக் கிண்ணத்தில் வெளிக்காற்றின் அழுத்தம். மேலே ஒடுக்கத்தில் குறைந்த அழுத்தம். இந்த வேறுபாட்டால் பெட்ரோல் ஜெட்டின் சிறு துளை வழியாக மேலேறித் தூறலாகிக் காற்றோடு கலக்கிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருந்த புன்சன் அடுப்பு காற்றை இழுத்ததும் இதே முறையில்தான்.

ஒரே ஒரு துளை எல்லா வேகத்திற்கும் போதாது. ஆகவே, கப்சாய் வண்டிகளின் கார்பரேட்டரில் முறுக்கின் அளவுக்கு ஏற்ப வெவ்வேறு உறுப்புகள் முன்வந்து வேலை செய்கின்றன.

1. பைலட் ஜெட்டும் அதன் திருகாணியும்: வண்டி நின்று உறுமும்போதும், முறுக்கு ஏறத்தாழ கால் பங்கு திறக்கும் வரையிலும்.
2. சிலைடு எனப்படும் ஏறி இறங்கும் அடைப்பின் வெட்டுப்பகுதி: அரைக்கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை.
3. ஊசி: கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை.
4. மெயின் ஜெட்: முக்கால் பங்கு முதல் முழு முறுக்கு வரை.

இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும். ஆயினும் இந்தப் பட்டியலை மனத்தில் பதித்துக்கொண்டாலே பாதிப் பாடம் முடிந்துவிட்டது. கோளாறு எந்த முறுக்கில் வருகிறது என்று தெரிந்தால் எந்த உறுப்பைத் தொட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பலர் இதை அறியாமல் எல்லாவற்றிற்கும் மெயின் ஜெட்டையே மாற்றுகின்றனர்.

எக்சோஸ் மாறினால் என்ன மாறுகிறது?

97 சி.சி. என்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கும். நிமிடத்திற்கு 6,000 சுற்றில் ஓடினால் 3,000 முறை இழுக்கும். அப்படியானால், கணக்குப்படி நிமிடத்திற்கு 291 லிட்டர் கலவை உள்ளே போக வேண்டும். உண்மையில் அவ்வளவு போவதில்லை. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தடுக்கின்றன. பழைய புகை முழுதாக வெளியேறாவிட்டால் புதிய கலவைக்கு இடம் இருக்காது.

புகை ஒரே சீராக வெளியேறுவதில்லை. துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. ஒவ்வொரு துடிப்பும் வேகமாக ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. உள்வாயிலும் வெளிவாயிலும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தக் கணநேரத்தில், இந்தக் குறைந்த அழுத்தம் புதிய கலவையையும் இழுத்துக்கொள்ளும். நன்றாக அமைந்த எக்சோஸ் என்ஜினுக்கு உதவுவது இப்படித்தான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சுட்டிக்காட்ட வேண்டும். 'என்ஜினுக்குப் பின்னழுத்தம் தேவை; அது இல்லாவிட்டால் இழுவை போய்விடும்' என்பார்கள். என்ஜினுக்குத் தேவை அழுத்தமன்று, புகையின் வேகம். குழாய் அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் புகையின் வேகம் குறைகிறது. குறைந்த சுற்றில் இழுவையும் குறைகிறது. சிறிய என்ஜினுக்குப் பெரிய குழாய் போட்டவர்கள் சத்தத்தை வாங்கி இழுவையை விற்றவர்கள் என்றால் அது மிகையாகாது.

சரி, காற்று கூடினால் கார்பரேட்டரும் தானாகவே அதிகப் பெட்ரோலைக் கொடுக்காதா? கொடுக்கும். காற்றின் வேகம் கூடும்போது ஒடுக்கத்தில் அழுத்தம் மேலும் குறைந்து பெட்ரோலும் கூடுகிறது. ஆனால், இரண்டும் எல்லா நிலையிலும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை. தொழிற்சாலையில் பழைய எக்சோஸின் தடையையும் துடிப்பையும் கணக்கிட்டே ஜெட்டுகளைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். புகைக்கட்டுப்பாட்டை முன்னிட்டுப் பெட்ரோலைச் சற்றுக் குறைத்தே வைத்திருப்பதும் உண்டு. அந்த நிலையில் மேலும் காற்று வந்தால் கலவை வறண்டுவிடுகிறது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். பழைய எக்சோஸுக்கு நெருக்கமான ஒன்றைப் பொருத்தி, காற்று வடிகட்டிப் பெட்டியைத் தொடாமல் விட்டால், ஜெட் மாற்ற வேண்டிய தேவையே எழாமல் போகலாம். பைலட் திருகாணியைச் சற்றுத் திருப்பினாலே போதும். ஆனால், வடிகட்டிப் பெட்டியையும் கழற்றிவிட்டுத் திறந்த வடிகட்டி போட்டால் காற்று இரு பக்கமும் கூடிவிடும். ஜெட் மாற்றாமல் தீராது.

வறண்ட கலவையும் செறிந்த கலவையும்

பெட்ரோல் குறைந்த கலவையை வறண்ட கலவை என்றும், கூடியதைச் செறிந்த கலவை என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். செறிந்த கலவையில் ஓடும் வண்டி எண்ணெயைக் குடிக்கும், கரும்புகை விடும், பிளக்கில் கரி படியும். இவை செலவு. வறண்ட கலவையோ ஆபத்து. கலவை மெதுவாக எரிவதால் சூடு என்ஜினுக்குள்ளேயே தங்குகிறது. காற்றால் குளிரூட்டப்படும் சிறிய என்ஜினில் புகைவாயில் வால்வும் பிஸ்டனும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். பிஸ்டன் உருகி ஓட்டை விழுவது கடைசிக் கட்டம். வீட்டுக்கு ஒரே வண்டி என்றால், அன்றைக்கு அப்பாவின் வேலையும் நின்றுவிடும். ஆகவே, சரியான அளவு தெரியாதபோது சற்றுச் செறிந்த பக்கத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து வருவதே அறிவுடைமை.

தொடங்கும் முன்

1. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். திறந்தவெளியில் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அருகில் சிகரெட், சாமி விளக்கு, எரிவாயு அடுப்பு எதுவும் கூடாது. மூடிய ஸ்டோரில் என்ஜினை ஓடவிடவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

2. முதலில் நோட்டுப்புத்தகத்தை எடுங்கள். இப்போதுள்ள மெயின் ஜெட்டின் எண், பைலட் ஜெட்டின் எண், ஊசியில் கிளிப் எத்தனையாவது காடியில் உள்ளது, பைலட் திருகாணி எத்தனை சுற்றில் உள்ளது என நான்கையும் எழுதிவையுங்கள். திருகாணியின் சுற்றை அறிய, அதை மெதுவாக உள்ளே திருப்பி, தொட்டதும் நிறுத்தி, வந்த சுற்றுகளை எண்ண வேண்டும். இறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும்.

3. காற்று வடிகட்டி, பிளக், வால்வு இடைவெளி ஆகியவற்றைச் சரிபாருங்கள். அழுக்கு வடிகட்டியோடு டியூன் செய்தால், நாளை வடிகட்டியை மாற்றியதும் எல்லாம் மாறிவிடும்.

4. ஜப்பானிய வண்டிகளின் கார்பரேட்டர் திருகாணித் தலை சாதாரணச் சிலுவைத் தலையைப் போலவே தோன்றினாலும் அளவில் சற்று வேறுபடும். பொருந்தாத திருப்புளியால் அழுத்தித் திருப்பினால் தலை வழுக்கிவிடும். ஜெட் பித்தளையால் ஆனது. பொருந்தும் திருப்புளியால் மென்மையாகவே இறுக்க வேண்டும். அடைப்பு எடுக்கக் கம்பியை நுழைக்கக் கூடாது, துளை பெரிதாகிவிடும். கார்பரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும்.

செய்முறை

படி 1: எக்சோஸைப் பொருத்துங்கள். என்ஜினோடு சேரும் இடத்தில் புதிய கேஸ்கெட் போடுங்கள். அந்த இடத்தில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். முறுக்கை விடும்போது எரியாத கலவை குழாய்க்குள் வெடிக்கும். சில வண்டிகளில் எக்சோஸுக்குள் காற்றைச் செலுத்தும் அமைப்பு தொழிற்சாலையிலிருந்தே இருக்கும், அதனாலும் வெடிக்கும். இவற்றைப் பார்க்காமல் 'கலவை வறண்டுவிட்டது' என்று ஜெட்டை மாற்றுவது வீண்வேலை.

படி 2: பத்து நிமிடம் ஓட்டி என்ஜினைச் சூடாக்குங்கள். பிறகு, பைலட் திருகாணி எந்தப் பக்கம் உள்ளது என்று பாருங்கள். வடிகட்டிப் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் கலவை வறளும். என்ஜின் பக்கம் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் செறியும். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் எல்லாமே தலைகீழாகிவிடும். கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, என்ஜின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு, ஐட்லிங் திருகாணியால் வேகத்தைக் குறையுங்கள். கப்சாய்களுக்குப் பொதுவாக நிமிடத்திற்கு 1,400 சுற்று அளவில் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

படி 3: மெயின் ஜெட்டைச் சோதியுங்கள். நிற்கும் வண்டியை முறுக்கிப் பார்த்து மெயின் ஜெட்டை அறிய முடியாது. என்ஜினுக்குப் பாரம் வேண்டும். அதற்காக நெடுஞ்சாலையில் பறக்கவும் தேவையில்லை. நடமாட்டமில்லாத ஒரு மேட்டுச் சாலையில், தலைக்கவசத்தோடு, இரண்டாம் கியரிலேயே முழு முறுக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். வேகம் கட்டுக்குள் இருக்கும். தோட்டச் சாலை என்றால் நிர்வாகத்திடம் அனுமதி பெறுங்கள். முழு முறுக்கிலிருந்து சற்றுக் குறைத்ததும் வண்டி மேலும் நன்றாக இழுத்தால் மெயின் ஜெட் சிறியது. சோக்கை இலேசாக இழுத்ததும் இழுவை கூடினாலும் அதே பொருள்தான். முழு முறுக்கில் திக்கித் திணறி, கனத்த சத்தத்தோடு ஓடினால் ஜெட் பெரியது.

எவ்வளவு மாற்றுவது? இங்கே சிறு கணக்கு உதவும். கெய்ஹின் ஜெட்டின் எண் ஏறத்தாழ அதன் துளையின் விட்டத்தைக் குறிக்கும். 75 என்றால் 0.75 மில்லிமீட்டர். பெட்ரோலின் அளவோ துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆக, 75க்குப் பதில் 78 போட்டால் பரப்பு 8 விழுக்காடு கூடுகிறது. 80 போட்டால் ஏறத்தாழ 14 விழுக்காடு. எண்ணில் சிறு மாற்றம்தான். எண்ணெயில் பெரிய மாற்றம். எக்சோஸ் மட்டும் மாறிய கப்சாய்க்கு ஒருமுறைக்கு இரண்டு மூன்று எண்களுக்கு மேல் தாண்டாதீர்கள். மிக்குனி ஜெட்டுகளில் சில வகைகளின் எண் பாயும் அளவைக் குறிப்பது. ஆகையால் ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது.

படி 4: ஊசியைப் பாருங்கள். அன்றாடம் ஓட்டும்போது நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது அரை முறுக்கைத்தான்; ஆகவே வண்டியின் எண்ணெய்ச் செலவு இந்த ஊசியின் கையில் உள்ளது. கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி உயரும், கலவை செறியும். மேலே ஏற்றினால் வறளும். சில வண்டிகளின் ஊசியில் ஒரே காடிதான் இருக்கும். அப்போது மெல்லிய வாஷர் ஒன்றைக் கிளிப்பின் கீழ் வைத்து ஊசியைச் சற்று உயர்த்துவார்கள். முறுக்குப் பிடியில் சிறு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டால் எந்த இடத்தில் கோளாறு என்று குழப்பமின்றி அறியலாம்.

படி 5: மீண்டும் பைலட் திருகாணிக்கு வாருங்கள். மற்றவை மாறியபின் இதையும் ஒருமுறை நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள். இரண்டை ஒருசேர மாற்றிவிட்டு வண்டி நன்றாக ஓடினாலும், எதனால் ஓடுகிறது என்று தெரியாது. நாம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கற்கும் அதே ஒழுக்கம்தான் இது.

பிளக் சொல்லும் செய்தி

முழு முறுக்கில் மேடேறியதும் கிளட்ச் அல்லது நியூட்ரல் நிலைக்கு வந்து, பாதுகாப்பான இடத்தில் என்ஜினை உடனே நிறுத்தி, ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் நல்லது. வெள்ளையாகவும் கொப்பளித்தும் இருந்தால் வறட்சி, மேலும் ஓட்டாதீர்கள். கறுப்புக் கரி என்றால் செறிவு. ஈரமான பிசுபிசுப்பு என்றால் என்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. அது கார்பரேட்டரின் குற்றமன்று. ஈயம் கலவாத இன்றைய பெட்ரோலில் நிறம் மெதுவாகவே படியும். ஆகவே, புதிய பிளக்கைப் போட்டு ஒரே ஓட்டத்தில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

இன்னும் இரண்டு செய்திகள்

ஒன்று, இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மேற்கண்டதை அப்படியே பொருத்தக் கூடாது. யமஹா 125 இசட் போன்ற வண்டிகளில் எக்சோஸின் வயிற்றுப்பகுதியே என்ஜினின் ஓர் உறுப்பைப் போல் வேலை செய்கிறது. அதன் வடிவம் மாறினால் சக்தி வரும் சுற்றே மாறிவிடும். அங்கே வறண்ட கலவை சில நிமிடங்களில் பிஸ்டனைப் பிடிக்க வைத்துவிடும். பெரிய ஜெட்டிலிருந்து தொடங்கிக் குறைப்பது அங்கே கட்டாயம்.

இரண்டு, இடம் மாறினால் காற்றும் மாறும். ரெங்கத்தின் தாழ்நிலத்தில் டியூன் செய்த வண்டியைக் கேமரன் மலைக்குக் கொண்டுபோனால், 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்திருக்கும். கலவை செறிந்து வண்டி மந்தமாகும். கார்பரேட்டருக்கு இதை அறியும் புலன் இல்லை. எரிபொருள் ஊசிமுறை கொண்ட புதிய வண்டிகள் உணரிகளின் உதவியால் இதைத் தாமே ஓரளவு சரிசெய்துகொள்கின்றன. கார்பரேட்டர் புதிய வண்டிகளிலிருந்து விடைபெற்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டமும் அக்கம்பக்கமும்

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதே ஆண்டில் வந்த மோட்டார் வாகன இரைச்சல் விதிமுறைகளும் எக்சோஸைக் கட்டுப்படுத்துகின்றன. சாலைப் போக்குவரத்துத் துறை, காவல்துறை, சுற்றுச்சூழல் துறை ஆகியவை சோதனை நடத்துவதை நாம் அறிவோம். சத்தத்தை அடக்கும் பாகம் முறையாக உள்ள எக்சோஸைத் தேர்ந்தெடுங்கள். பழையதை விற்காமல் வைத்திருங்கள்.

சட்டத்தை விடுங்கள். இரவு வேலை முடித்து வந்து பகலில் உறங்கும் தொழிலாளி பக்கத்து வீட்டில் இருப்பார்; கைக்குழந்தையோடு ஒரு தாய் இருப்பார். நம் நாட்டின் சாலை விபத்து மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை. நன்றாக டியூன் செய்த வண்டி மேட்டில் திணறாமல் ஏறும், எண்ணெயை மிச்சப்படுத்தும், காலையில் ஒரே உதையில் உயிர்பெறும். இவையே டியூனிங்கின் பயன். பந்தயம் அதன் பயனன்று.

முடிவுரை

மேலே சொன்ன பெர்னோலியும் வர்க்கக் கணக்கும் நமக்குப் பாடப்புத்தகத்தில் வந்தவை. எஸ்.பி.எம். தேர்வில் அந்தப் பாடத்தில் சறுக்கிய எத்தனையோ இளைஞர்கள், அதே பாடத்தைப் பட்டறையில் ஜெட்டையும் ஊசியையும் கொண்டு அன்றாடம் செய்துகாட்டுகின்றனர். வறண்டதா, செறிந்ததா என்பதைச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடும் காது அவர்களுக்கு உண்டு. அவர்களிடம் இல்லாதது சான்றிதழ் ஒன்றே.

அதற்கும் வழி இருக்கிறது. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் உட்கார்ந்து படித்துத்தான் பெற வேண்டும் என்பதில்லை. பி.பி.தி. எனப்படும் முன் அனுபவ அங்கீகார முறையில், பட்டறையில் பெற்ற அனுபவத்தை ஆவணப்படுத்திக் காட்டி மதிப்பீட்டின் வழியாகவும் பெறலாம். திறன் மேம்பாட்டுத் துறை இதை வழங்குகிறது. அந்த ஆவணங்களைத் தொகுப்பதும், பாரங்களை நிரப்புவதும்தான் பலருக்குத் தடையாக நிற்கின்றன. அறிக்கை எழுதுவதும் பாரம் நிரப்புவதும் பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு அன்றாட வேலை. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, நம் வட்டாரத்துப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் உட்கார்ந்து கார்பரேட்டரைக் கற்றுக்கொள்வோம். அவர் விண்ணப்பத்தை நாம் எழுதிக் கொடுப்போம். இரு பக்கமும் பாடம் நடக்கட்டும்.